பேச்சுரிமையின் சென்னை மாகாண வரலாறு: பிரிவு 19-ஐ வாசிப்பது குறித்து

1

கருத்துரிமை குறித்து நம் சூழலில் இரண்டு வகையான பேச்சு நடமாடுகிறது. ஒன்று மேடையில் கேட்பது: 'அரசியல் சட்டம் நமக்குப் பேச்சுரிமையை வழங்கியிருக்கிறது, அரசு அதைப் பறிக்கிறது.' மற்றது கூட்டம் முடிந்து டீக்கடையில் கேட்பது: 'சட்டமாவது மண்ணாவது, எல்லாம் அவங்க எழுதி வச்சதுதானே, அதுல நமக்கு என்ன இருக்கு?' முதலாவது சட்டத்தைப் புனிதப் பிரதியாக்கி விடுகிறது. இரண்டாவது, படிக்காமலே மூடி வைத்துவிடுகிறது. இரண்டிலும் பிரதி வாசிக்கப்படுவதில்லை என்பதுதான் என் வருத்தம். பத்திரிகை நடத்துகிறவர்களும் தெருவில் நாடகம் போடுகிறவர்களும் பாட்டுக் கட்டுகிறவர்களும் வழக்கறிஞரிடம் போவதற்கு முன்னால் தாங்களே இந்தப் பிரதியை வாசித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு வாசிப்புக்கான முயற்சிதான் இது.

வாசிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. இந்தியாவில் பேச்சுரிமைக்கான சட்டம் தில்லியில் உட்கார்ந்து யோசித்து எழுதப்பட்டது மட்டுமில்லை. அதன் வாசகங்கள் இரண்டு முறை திருத்தப்பட்டன, 1951-இலும் 1963-இலும். இரண்டு திருத்தங்களின் பின்னாலும் சென்னை மாகாணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த முக்கியமான தீர்ப்புகள் சிலவும் இங்கிருந்து போன வழக்குகளில் வந்தவை. ஆகவே இதை நம்முடைய வரலாறாகவே படிக்கலாம்.

2

1950 ஜனவரி 26 அன்று குடியரசு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது கம்யூனிஸ்ட் கட்சி சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று வாரம் ஆவதற்குள், மார்ச் 1 அன்று, மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் ஆசிரியராக இருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் மாகாணத்துக்குள் நுழையவோ விற்கப்படவோ கூடாது என்றது அந்த ஆணை. 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அதற்கு ஆதாரம். பொதுப் பாதுகாப்புக்காக என்று சொல்லிவிட்டால் போதும், எந்த இதழையும் நிறுத்தலாம்.

ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 26 அன்று வந்த தீர்ப்பில் பெரும்பான்மைக் கருத்தை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. அவரும் சென்னைக்காரர்தான். அவர் செய்தது நுட்பமான ஒரு வாசிப்பு. அரசியல் சட்டத்தின் 19(1)(ஏ) எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சு, வெளிப்பாட்டு உரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு விலக்குகளைச் சொல்கிறது. அன்றைய 19(2)-இல் அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, கண்ணியம் அல்லது ஒழுக்கம் என்பவை போக, அரசின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது என்பதுதான் இருந்தது. 'பொது ஒழுங்கு' என்ற சொல் அங்கே இல்லை. தெருவில் நடக்கிற கைகலப்பும் அரசையே கவிழ்க்கிற முயற்சியும் ஒன்றாகுமா? ஆகாது என்றார் சாஸ்திரி. நகல் வாசகத்தில் இருந்த 'ராஜத்துரோகம்' என்ற சொல்லை அரசியல் நிர்ணய சபை வேண்டுமென்றே நீக்கிவிட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். பிரதியில் இல்லாததை அரசு தன் வசதிக்கு உள்ளே திணிக்க முடியாது. ஆணை செல்லாது என்று தீர்ப்பானது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தில்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏடான 'ஆர்கனைசர்' மீது முன்தணிக்கை விதித்த ஆணையும் அதே காரணத்துக்காக ரத்தானது. ஒரே நாளில் ஒரு கம்யூனிஸ்ட் ஏடும் ஓர் இந்துத்துவ ஏடும் ஒரே வாதத்தால் காப்பாற்றப்பட்டன. 'நம்ம ஆளுக்கு மட்டும்' என்று உரிமையை எழுத முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

3

இந்த வாசிப்பு பதின்மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. 1951 ஜூன் 18 அன்று அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் பொதுத் தேர்தலே அப்போது நடந்திருக்கவில்லை. தற்காலிக நாடாளுமன்றம்தான் இதைச் செய்தது. 19(2)-க்குள் மூன்று புதிய காரணங்கள் நுழைந்தன: பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல். சென்னை அரசு தோற்ற இடத்தில் எந்தச் சொல் இல்லாமல் இருந்ததோ அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவும் முன்தேதியிட்டு.

ஆனால் கூடவே இன்னொரு சொல்லும் வந்தது: 'நியாயமான' கட்டுப்பாடுகள். 1950-இன் மூல வாசகத்தில், விலக்குப் பட்டியலில் ஒரு விஷயம் இருந்துவிட்டால் அதன்மேல் அரசு எந்தச் சட்டமும் போடலாம், அளவு கேட்க முடியாது. 1951-க்குப் பிறகு, கட்டுப்பாடு நியாயமானதுதானா என்று நீதிமன்றம் கேட்கலாம். இன்றுவரை பேச்சுரிமை வழக்குகளில் நாம் ஜெயித்த இடங்களில் பலவும் இந்த ஒற்றைச் சொல்லின் மேல் நின்று ஜெயித்தவை. பேச்சைச் சுருக்குவதற்காக வந்த திருத்தத்துக்குள்ளேயே, சுருக்குகிறவனைக் கேள்வி கேட்கிற வாய்ப்பும் இருந்துவிட்டது.

நம்மில் பலர் பேசத் தயங்குகிற சங்கதி ஒன்றும் இங்கே உண்டு. இதே முதல் திருத்தம்தான் 15(4)-ஐயும் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை, செண்பகம் துரைராசன் வழக்கில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெரியார் தலைமையில் இங்கே நடந்த கிளர்ச்சியின் விளைவாகத்தான் 15(4) வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் கல்வியில் இட ஒதுக்கீடு அதனால் நின்றது. நிலச்சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்பும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அதாவது, நாம் கொண்டாடுகிற ஒன்றும் நாம் எதிர்க்கிற ஒன்றும் ஒரே காகிதத்தில் ஒரே நாளில் கையெழுத்தானவை. 'முதல் திருத்தம் ஜனநாயகத்தின் முதல் சறுக்கல்' என்று சொல்கிற தாராளவாதக் கதையாடல் 15(4)-ஐ அடிக்குறிப்பாக்கிவிடுகிறது. 'சமூகநீதியின் முதல் வெற்றி' என்கிற நம்முடைய கதையாடல் 19(2)-ஐ மறந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் கஷ்டம்.

4

இரண்டாவது திருத்தம் 1963 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த பதினாறாவது திருத்தம். 'இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்பது 19(2)-இல் சேர்க்கப்பட்டது. தேர்தலில் நிற்பவர்கள் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆனது. இது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பது ரகசியமில்லை. 1962-இல் மாநிலங்களவையில் அண்ணா தன் கன்னிப்பேச்சிலேயே திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்து வைத்தார். இந்தத் திருத்தத்தையும் அங்கே எதிர்த்துப் பேசினார். அதே 1963-இல் தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது.

தேர்தல் வழியே, பேச்சின் வழியே, ஆயுதம் இல்லாமல் முன்வைக்கப்பட்ட ஒரு கோரிக்கை, வாதத்தில் தோற்கடிக்கப்படாமல் சட்டத்தால் சொல்லப்படாததாக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது இங்கே என் கேள்வியில்லை. எதைப் பேசலாம் என்ற எல்லைக்கோடு எப்படி நகர்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். நகர்ந்த கோடு அதோடு நிற்கவும் இல்லை. அதன் தொடர்ச்சியாக 1967-இல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு நாம் 'ஊபா' என்று அழைக்கிற, பிணையே குதிரைக்கொம்பாகிப்போன சட்டத்தின் மூலம் அதுதான்.

5

ஆக, இன்றைய 19(2)-இல் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன. இறையாண்மையும் ஒருமைப்பாடும்; அரசின் பாதுகாப்பு; அயல்நாட்டு நட்புறவு; பொது ஒழுங்கு; கண்ணியம் அல்லது ஒழுக்கம்; நீதிமன்ற அவமதிப்பு; அவதூறு; குற்றத்துக்குத் தூண்டுதல். இது மூடிய பட்டியல். இதற்கு வெளியே புதிய காரணம் சேர்க்க முடியாது என்று 2023-இல் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது.

பட்டியலில் என்ன இல்லை என்று பாருங்கள். அரசாங்கத்தின் கௌரவம் இல்லை. முதலமைச்சரின் அல்லது பிரதமரின் புகழ் என்று தனியாக ஏதும் இல்லை. 'மனம் புண்படுதல்' இல்லை. பண்பாடு இல்லை. பெரும்பான்மையின் பிடிக்காமை இல்லை. காவல் நிலையத்தில் 'உங்க பாட்டால நாலு பேர் மனசு புண்பட்டிருக்கு' என்று ஓர் ஆய்வாளர் சொன்னால், அந்தப் புண் இந்த எட்டில் ஒன்றின் வழியாக வந்தாக வேண்டும்.

வழக்கமாக அது வருகிற வழி 'பொது ஒழுங்கு'. இதில் இரண்டு சரடுகள் ஓடுகின்றன. 1957-இல் ராம்ஜிலால் மோடி வழக்கில், மத உணர்வை வேண்டுமென்றே தீய நோக்கோடு அவமதிப்பதைத் தண்டிக்கிற 295-ஏ செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொது ஒழுங்கின் 'நலனுக்காக' என்ற சொற்கள் அகலமானவை, கலவரம் நடந்தாக வேண்டியதில்லை என்பது அதன் வாதம். 1960-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் கதை வேறு. பாசனக் கட்டண உயர்வைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக அவர்மேல் வழக்கு. பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நெருங்கிய, நேரடியான தொடர்பு வேண்டும். எங்கோ எப்போதோ ஏதாவது ஆகலாம் என்ற கற்பனை போதாது என்று அந்தச் சட்டப்பிரிவே ரத்தானது. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கு 124-ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவைக் காப்பாற்றியது. ஆனால் வன்முறைக்குத் தூண்டுவது அல்லது ஒழுங்கைக் குலைக்க முனைவது என்ற அளவுக்கு அதைச் சுருக்கியது. அரசியல் நிர்ணய சபை வாசல் வழியே வெளியேற்றிய சொல், 1951-இல் திறந்த 'பொது ஒழுங்கு' என்ற பின்கட்டு வழியாக வீட்டுக்குள் திரும்பியது இப்படித்தான்.

2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் லோகியாவின் சரடு மறுபடி கையில் எடுக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ ரத்தானது. பேச்சில் மூன்று படிகள் உண்டு என்றது தீர்ப்பு: விவாதிப்பது, பரிந்துரைத்து வாதாடுவது, தூண்டுவது. எவ்வளவு வெறுப்புக்கு ஆளான கருத்தானாலும் முதல் இரண்டும் பாதுகாப்புக்குள் இருக்கின்றன. மூன்றாவது படியில்தான் அரசு தலையிட முடியும். 'சாதியை ஒழிக்க வேண்டும்', 'இந்தச் சட்டத்தை மீற வேண்டியிருக்கும்', 'இந்தக் கோயில் வழக்கம் அநியாயம்' என்று எழுதுவது எந்தப் படி என்று நாமே கேட்டுப் பழக வேண்டும்.

6

இதுவரை அரசைப் பற்றியே பேசினேன். நம் காலத்தில் பேச்சை நிறுத்துவது பெரும்பாலும் கும்பல். அரசு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கும் இங்கிருந்து ஒரு வழக்கு போனது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில், படம் வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று தமிழக அரசு வாதாடியது. 1989 மார்ச்சில் வந்த ரங்கராஜன் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்குவது சட்டத்தின் ஆட்சியை மிரட்டலிடம் ஒப்படைப்பதாகும். பேசுகிறவரைக் காப்பது அரசின் கடமை, 'எங்களால் முடியவில்லை' என்று அரசு சொல்ல முடியாது என்றது. வெடிமருந்துப் பீப்பாய்க்குப் பக்கத்தில் தீப்பொறி விழுவது போலப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நெருக்கம் இருக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற அளவுகோல் இந்தத் தீர்ப்பில்தான் வந்தது.

அந்தப் படத்தின் கருத்து எனக்கு ஏற்புடையதல்ல. 15(4)-க்காகத் தெருவுக்கு வந்த மாநிலத்தில் அதற்கு எதிரான படத்துக்குக் கோபம் வந்ததும் எனக்குப் புரிகிறது. ஆனால் பின்னாளில் பெருமாள்முருகனுக்காக நாம் நீதிமன்றத்தில் நின்றபோது நம் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று இந்தத் தீர்ப்பு.

'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் ஒரு 'சமாதானப் பேச்சுவார்த்தை' நடத்தியது. எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற வருத்தமும், பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்கான ஒப்புதலும் எழுதி வாங்கப்பட்டன. அதன்பின் அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். தடை ஆணை ஏதுமில்லை. கைது இல்லை. வழக்கு எண் இல்லை. ஒரு மேசை, சில நாற்காலிகள், அதிகாரியின் 'பார்த்து முடிச்சுக்கங்க சார், ஊரு அமைதியா இருக்கணும்' என்கிற தொனி. இதுதான் நம் காலத்துத் தணிக்கையின் வடிவம். ஆணையை எதிர்த்து வழக்குப் போடலாம். சமாதானத்தை எதிர்த்து எப்படிப் போடுவது?

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் போட்டது. 2016 ஜூலை 5 அன்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தச் சமாதான ஒப்பந்தத்துக்குச் சட்டப்படியான கட்டாயம் எதுவுமில்லை, பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைக்கலாம், எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்றது. அதிகாரிகளுக்கு இதில் சட்டம் கொடுத்த வேலை ரங்கராஜன் தீர்ப்பிலேயே இருந்தது: மிரட்டுகிறவரைத் தடுப்பது, எழுதியவரைக் காப்பது. இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்தத் தீர்ப்பு நாமக்கல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

7

முன்கூட்டியே தடுப்பது, வெளியான பிறகு தண்டிப்பது என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 1994-இல் ராஜகோபால் வழக்கு: ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். அச்சேறுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் அதிகாரமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களுக்கு அவதூறு நேர்ந்ததாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்றும், அதிகாரிகளின் அலுவல் சார்ந்த செயல்கள் பற்றி எழுதியதில், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியதாக நிரூபித்தால் ஒழிய வழக்கு நிற்காது என்றும் சொன்னது. ஆனால் கிரிமினல் அவதூறு இதற்கு வெளியே நின்றுகொண்டது. 2016-இல் அதுவும் செல்லும் என்றாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 356-ஆவது பிரிவு. அரசு வழக்கறிஞரை வைத்துப் பத்திரிகைகள்மேல் தொடுத்த பல அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை அத்தனை ஆண்டுகள் ஆசிரியர்கள் வழக்கைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

நாடகத்துக்கு முன்தடை நம்மூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டு வரப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படும் 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்வுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் உயர் நீதிமன்றம் செல்லாதாக்கியது.

புத்தகப் பறிமுதல் வேறு வழி. அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்யலாம். இப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆவது பிரிவு. பெரியாரின் ராமாயண நூலின் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் வெளியிட்டார். உத்தரப்பிரதேச அரசு 1969 டிசம்பரில் அதைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, அரசின் மேல்முறையீட்டை 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலையின் நடுவில், உச்ச நீதிமன்றம் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ண ஐயர். பெரியார் சொன்னது சரியா என்றெல்லாம் தீர்ப்பு போகவில்லை. பறிமுதல் ஆணையில் அரசு தன் முடிவுக்கான காரணங்களை எழுத வேண்டும் என்பது சட்டம், இந்த ஆணையில் காரணங்கள் இல்லை, ஆகவே செல்லாது. 'என்னய்யா, சும்மா ஒரு நடைமுறைக் குறைதானே' என்று தோன்றலாம். காரணத்தை எழுது என்று அதிகாரத்தைக் கேட்பதே பெரிய விஷயம். எழுதினால்தான் அதை எதிர்த்து வாதாட முடியும்.

8

தீர்ப்புகளில் இவ்வளவு வெற்றி இருந்தும் ஏன் பயம் குறையவில்லை? தண்டனை தீர்ப்பில் இல்லை, வழக்கில் இருக்கிறது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகக் கோவன் ராஜத்துரோகப் பிரிவில் கைதானார். கேதார்நாத் தீர்ப்பு வந்து ஐம்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 2002-இல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடா சட்டத்தில் கைதாகி, 2004 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். வெறும் தார்மீக ஆதரவுப் பேச்சு, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாதபோது, குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரிலேயே விளக்கிவிட்டது. வெளியே வருவதற்குள் சிறையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் போயிருந்தது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ வழக்குகளை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ராஜத்துரோகம் ஒழிந்தது என்று கொண்டாடினார்கள். 152-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை ஆகியவற்றைத் தூண்டுவதோடு, 'பிரிவினை நடவடிக்கைகளின் உணர்வுகளை ஊக்குவிப்பது' என்றும் இருக்கிறது. ஆயுள் தண்டனை, அல்லது பழைய மூன்று வருடத்துக்குப் பதில் ஏழு வருடம் வரை. அரசின் நடவடிக்கைகளை விமர்சிப்பதற்கு விளக்கக் குறிப்பில் இடம் உண்டு. ஆனால் 'உணர்வு' என்ற சொல் உள்ளே இருக்கிறது. ஷ்ரேயா சிங்கால் சொன்ன மூன்று படிகளில் உணர்வு எந்தப் படி?

சமீபத்திய பாதுகாப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் பதிவான வழக்கை இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பு ரத்து செய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான குற்றச்சாட்டில், மூன்று வருடத்துக்குக் குறையாமலும் ஏழு வருடத்துக்கு உட்பட்டும் தண்டனை உள்ள பிரிவுகளில், முதல் தகவல் அறிக்கை போடும் முன் காவல்துறை பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. சொற்களை எடை போடுவது எதைக் கண்டாலும் ஆபத்து என்று நடுங்குகிற மனத்தை வைத்து இருக்கக் கூடாது, திடமான மனமுள்ளவரின் பார்வையில் இருக்க வேண்டும் என்றது. பழைய 153-ஏ-யின் இடத்தில் வந்த 196-உம், 295-ஏ-யின் இடத்தில் வந்த 299-உம் இந்த வரம்புக்குள் வரும். 152 வராது.

9

இனி, பிரிவு 19-இன் வெளியே நிற்பவர்கள். அதன் முதல் சொற்களே 'எல்லாக் குடிமக்களுக்கும்' என்பவை. சமத்துவத்துக்கான 14-உம் உயிர்வாழ்வுக்கான 21-உம் எல்லா மனிதர்களுக்கும். பேச்சு குடிமக்களுக்கு மட்டும். 1983 முதல் இங்கே வந்து சேர்ந்த ஈழ அகதிகளுக்குப் பேச்சுரிமை அரசியல் சட்டத்தில் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோர் இருவருமே குடியுரிமை இல்லாதவர்களாக இருந்தால், பிறப்பால் குடியுரிமை இல்லை. நாற்பது வருடமாக நம் பக்கத்தில் நம் மொழியில் பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு, சட்டத்தின் கண்ணில் அனுமதிக்கப்பட்ட சத்தம் மட்டுமே. அவர்களுக்காக மேடையில் உரக்கப் பேசுகிற நாம், அவர்களே மேடையேறிப் பேசினால் எந்தப் பிரிவு காக்கும் என்று கேட்டதில்லை.

இன்னொரு கேள்வி தலித் தோழர்களிடமிருந்து வருகிறது: 'சாதியைச் சொல்லித் திட்டுறதும் பேச்சுரிமையா?' இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினரல்லாத ஒருவர், அவர்களில் ஒருவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. இதை 295-ஏ-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 295-ஏ எல்லா மத உணர்வையும் ஒரே தட்டில் வைக்கிறது. பெரும்பான்மையின் கோபத்துக்கும் சிறுபான்மையின் காயத்துக்கும் அங்கே வேறுபாடு இல்லை. அதனால் பலமுள்ளவன் கையில் அது ஆயுதமாகிறது. வன்கொடுமைச் சட்டம் யார் யாரை என்று பெயர் சொல்கிறது, அதிகார உறவைப் பிரதிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. கட்டுப்பாடே கூடாது என்ற தூய தாராளவாதமும் எனக்கு உடன்பாடில்லை. புண்பட்டேன் என்றவுடன் வழக்கு என்பதும் உடன்பாடில்லை. யாருக்கு யார்மேல் அதிகாரம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிற, குறுகலான குற்றங்கள் இருக்கட்டும். 'உணர்வு' என்ற வெற்றுச் சொல்லின் மேல் நிற்கும் பிரிவுகள் போகட்டும். நாம் விவாதிக்க வேண்டிய நிலைப்பாடு இது என்று முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

கடைசியாக, நடைமுறைக்காக ஒன்று. கூட்டத்துக்கு அனுமதி இல்லை, புத்தகத்தை விற்காதே, பாட்டை நிறுத்து என்று வாய்மொழியாகச் சொல்லப்படும்போது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், என்ன காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் நீங்களே தேதி போட்டு எழுதி, பதிவுத் தபாலில் அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். 'சமாதானக் கூட்டம்' என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டிருந்தாலும் அது உங்களைக் கட்டாது என்று 2016-ஆம் ஆண்டின் தீர்ப்பு இருக்கிறது. அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.